இறங்குவதற்காக ஏறுகிறவர்கள்

வத்திராயிருப்பில் பனி என்றால் அது மார்கழி விடியலில் நெல்வயல் வரப்புப் புல்லின்மேல் நிற்பது. எட்டு மணிக்குள் வெயில் அதைக் குடித்துவிடும். ஆகவே பனிச்சறுக்கு என்னும் விளையாட்டைப் பற்றி நாம் அறிந்திருந்ததெல்லாம் தமிழ்த் திரைப்படக் காதல் பாட்டுகளில் கண்டதுதான். அவற்றிலும் காதலர்கள் பெரும்பாலும் சறுக்குவதில்லை. பனியை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொள்கிறார்கள். கதாநாயகனுக்குக் கம்பளிச் சட்டை உண்டு, நாயகிக்கு அதுவும் இல்லை. இவ்விளையாட்டை, ஆடிப் பழகி அதில் முழங்கால் ஒன்றையும் பறிகொடுத்த ஒருவரின் வாயாலேயே நாம் கேட்டறிந்தது 2023 ஜனவரி 20, தை அமாவாசைக்கு முந்தைய நாள், சதுரகிரி மலைப்பாதையில்.

சொன்னவர் நம் பள்ளித் தோழர். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். அவர் பொறியியல் படித்து அமெரிக்கா சென்றார். நாம் தமிழ் படித்து உள்ளூர்ப் பேருந்திலேயே கல்லூரிக்குப் போய்வருகிறோம். கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் அவருக்கு வீடு. கடல்மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல் உயரத்தில் இருப்பதை அந்நகரத்தார் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்களாம். ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலைத்தொடர் தெரியும் என்று முதற்கடிதத்தில் எழுதியிருந்தார். மேற்கே மலை இல்லாத ஊரில் அவரால் குடியிருக்க முடியாது என்பது நமக்குத் தெரியும்.

இம்முறை அவர் வந்த காரியம் இனிமையானதன்று. தாணிப்பாறைக்குப் போகும் வழியில், அடிவாரத்தில், அவர் தந்தையார் வைத்த தென்னந்தோப்பு இருக்கிறது. தென்னையோடு சில மாமரங்கள், கிணற்றடியில் ஒரு பெரிய புளிய மரம். தந்தையார் 2021-இல் காலமானார். பயணக் கட்டுப்பாடுகள் நிலவிய காலம். மகனால் வர இயலவில்லை. தோப்பு அவருக்கும் மதுரையில் இருக்கும் அவர் தங்கைக்கும் சமபாகமாக வந்து சேர்ந்தது. தங்கை கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருப்பவர். தம் பாகத்தைப் பணமாக்க வேண்டிய நிலை அவருக்கு.

அதற்கென்ன, அண்ணன் தங்கையின் பாகத்தை வாங்கிக்கொள்ளலாமே என்றுதான் எவருக்கும் தோன்றும். அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. நண்பர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். கையில் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர். அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி இத்தகையோர் இந்தியாவில் வீடு வாங்கலாம், மனை வாங்கலாம்; விவசாய நிலம் வாங்க இயலாது. தானமாகக்கூடப் பெற இயலாது. மரபுரிமையாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். உள்நாட்டுக் குடிமகன் ஒருவருக்கு விற்கலாம். விற்றபின் மனம் மாறினால் அதே தோப்பை இரட்டை விலை கொடுத்தும் திரும்பப் பெற வழியில்லை.

"சும்மா பணத்தக் குடுத்துட்டு நிலத்த அப்படியே விட்டுடலாம்ல?" என்று கேட்டோம்.

"வாங்க மாட்டாடா. ரெண்டு தடவ அனுப்பிப் பாத்தேன். ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பிட்டா. எனக்குச் சேர வேண்டியதக் குடு, தர்மம் வேண்டாம்ங்கறா."

தம் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு அவள் பாதியை விற்கவிடலாம்; ஆனால் கிணறு ஒன்று, பாதை ஒன்று. பாதித் தோப்புக்கு நல்ல விலை வராது என்று தரகர் கையை விரித்துவிட்டார். முழுத்தோப்புக்கும் ஆள் வந்திருந்தது. திங்கட்கிழமை பத்திரம். மலைக்குப் போய்வந்து முடிவு சொல்கிறேன் என்று நண்பர் தவணை வாங்கியிருந்தார்.

இலக்கியம் படித்தவனுக்கு இப்படியொரு வழக்கைக் கேட்டதும் பக்கத்து ஊர் நினைவுக்கு வராமல் இராது. வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில்தான் நல்லதங்காள் கோயிலும், அவள் ஏழு பிள்ளைகளையும் தள்ளித் தானும் விழுந்ததாகச் சொல்லப்படும் கிணறும் இருக்கின்றன. பன்னிரண்டாண்டுப் பஞ்சத்தில் மானாமதுரையிலிருந்து பிறந்த வீடு தேடி வந்தவளுக்கு அண்ணி கதவடைத்த கதை. அண்ணன் கொடியவனல்லன், அவன் அப்போது ஊரில் இல்லை, அவ்வளவே. கதைப்பாடலாகவும் நாடகமாகவும் திரைப்படமாகவும் தமிழ்நாடு முழுவதும் அழுத கதைக்கு எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு மேலதிகப் பொருள் உண்டு: தங்கை வரும்போது அண்ணன் இருக்க வேண்டும். ஆனால் இதை அன்று நண்பரிடம் சொல்லவில்லை. அவர் அறியாத கதையா என்ன?

அதிகாலையில் தாணிப்பாறை போய்ச் சேர்ந்தோம். சிறுவயதில் அங்கே வாயில் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. எந்நேரமும் ஏறலாம், மேலே மடங்களில் சாப்பாடு கிடைக்கும், படுத்து எழுந்து மறுநாள் இறங்கலாம். இன்று வனத்துறைச் சாவடி முன் வரிசையில் நிற்கிறோம். பையைத் திறந்து காட்டுகிறோம். பிளாஸ்டிக், தீப்பெட்டி எதுவும் கூடாது. அந்த ஆண்டில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில் மட்டுமே அனுமதி. காலையில் குறித்த நேரத்துக்குள் ஏறத் தொடங்கி, இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும். இரவு தங்க முடியாது. இவ்விதிகள் வழக்குமன்றம் ஏறி ஏறிப் பலமுறை மாறியிருக்கின்றன. பக்தர்களில் பலருக்கு இதில் மனத்தாங்கல். சாமி கும்பிடச் சர்க்கார் சீட்டா என்று வரிசையிலேயே ஒருவர் பொருமினார்.

நமக்கு அப்படிப் பொருமத் தோன்றவில்லை. 2015 மே மாதம் அமாவாசைக்காகக் கூட்டம் மலையேறியிருந்தபோது மேலே பெய்த மழையில் ஓடைகளில் திடீர் வெள்ளம் புரண்டது. பலர் மாண்டனர். இம்மலையின் ஓடைகள் வறண்டு கிடக்கும்போது சிறுபிள்ளையும் தாண்டிவிடும். பெருகும்போது யானையையும் புரட்டும். இன்னொன்று, இக்காடு மனிதருக்கு மட்டும் உரியதுமன்று. 1988-இல் சாம்பல் நிற மலை அணிலுக்காகத் திருவில்லிபுத்தூர்ச் சரணாலயம் அமைந்தது. தென்னிந்தியாவின் சில காடுகளையும் இலங்கையையும் விட்டால் அந்த அணில் உலகில் வேறெங்கும் இல்லை. 2021 பிப்ரவரியில் மேகமலைச் சரணாலயத்தோடு சேர்த்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில், நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகமாக இது அறிவிக்கப்பட்டது. இந்தப் பக்கம் விழும் மழை அர்ச்சுனா நதியாகி வைப்பாற்றைச் சேர்கிறது. வருசநாட்டுப் பக்கம் விழுவது வைகை. புலி இருந்தால் காடு இருக்கும், காடு இருந்தால் இரண்டு ஆறும் இருக்கும் என்பது கணக்கு.

நண்பர் வேறொரு கோணத்தில் இதைப் பார்த்தார். "அங்கயும் இதே கதைதாண்டா. காலைல போய் நிப்போம். மலை மூடிருக்குன்னு போர்டு தொங்கும். ராத்திரி விழுந்த பனி சரியும்னு சந்தேகம் வந்தா, வெடி வச்சு அவங்களே சரிச்சு விட்டுட்டுத்தான் கயித்த அவுப்பாங்க." அவர் வழக்கமாகச் சறுக்கப்போகும் பிரெக்கன்ரிட்ஜ், வெள்ளாற்றுத் தேசிய வனம் எனத் தமிழில் சொல்லத்தக்க அரசுக் காட்டுக்குள் இருக்கிறது. கம்பெனி அரசிடம் உரிமச் சீட்டுப் பெற்றுத்தான் அங்கே தொழில் நடத்துகிறது. தனியார் மலை என்று நாம் எண்ணியிருந்த அமெரிக்காவிலும் மலை சர்க்காருடையதே என்பது புதிய செய்தியாக இருந்தது.

மாங்கனி ஓடை கடந்து வழுக்குப்பாறை வந்தது. பெயரே எச்சரிக்கை. தை மாதமாதலால் நீர் கசிவாக மட்டும் இருந்தது. அங்கே அமர்ந்துதான் பனிச்சறுக்குப் பாடம் தொடங்கியது. 'ஸ்கீ' என்பது பழைய நார்வே நாட்டுச் சொல். பிளந்த மரத்துண்டு என்று பொருள் என்றார். நம்மூரில் மூங்கிலைப் பிளந்த பட்டையைப் பிளாச்சு என்கிறோமே, ஏறக்குறைய அதுவே. பனிநாட்டார் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வேட்டைக்கும் போக்குவரத்துக்கும் காலில் கட்டிக்கொண்டிருந்த பிளாச்சு, கடந்த இரு நூற்றாண்டுகளில்தான் விளையாட்டானது. சரிவுகளுக்கு அடையாளக் குறிகள் இட்டிருப்பார்களாம். பச்சை வட்டம் என்றால் கற்றுக்குட்டிக்கு. நீலச் சதுரம் நடுத்தரம். கறுப்பு வைரம் தேர்ந்தவர்களுக்கு. நண்பர் ஐந்தாண்டுகள் நீலத்தில் இருந்துவிட்டு, நாற்பத்து மூன்றாம் வயதில் ஒருநாள் கறுப்பில் இறங்கியிருக்கிறார். முழங்காலின் தசைநார் அறுந்தது. மீட்புக்காரர்கள் அவரைச் சறுக்குக் கட்டிலில் வைத்து வாரால் கட்டி இழுத்து இறக்கினார்கள். "பொணம் மாதிரிடா. மேல வானம் மட்டுந்தான் தெரிஞ்சுது" என்றார்.

நம்மை வியக்கவைத்தது ஏற்றம் பற்றி அவர் சொன்னது. சறுக்குகிறவர்கள் மலையை ஏறுவதே இல்லை. நாற்காலிகள் கம்பியில் தொங்கியபடி வந்துகொண்டே இருக்கும். உட்கார்ந்தால் உச்சியில் விட்டுவிடும். 1936-இல் ஐடஹோ மாநிலத்துச் சன் வேலியில் இவ்வகை முதல் நாற்காலி இழுவை ஓடத் தொடங்கியது. அதை வடிவமைத்த ஜேம்ஸ் கர்ரன் என்னும் ரயில் கம்பெனிப் பொறியாளருக்கு யோசனை வந்தது, கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கிகளைக் கண்டு! தார் தொங்கிய இடத்தில் ஆளை உட்காரவைத்தார், அவ்வளவுதான். பழநியில் 1966 முதல் இழுவை ரயிலும் 2004 முதல் ரோப் காரும் ஏற்றிவிடுகின்ற பக்தர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அவர்கள் மேலே இருப்பவனைக் காணப் போகிறவர்கள். ஏறுவதே இறங்குவதற்காக என்று ஒரு கூட்டம் மலைக்குப் போகும் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டோம். சதுரகிரியில் இறக்கம் என்பது யாரும் பேசாத பகுதி. ஏறிய கதையைத் திண்ணையில் மணிக்கணக்கில் சொல்வார்கள். இறங்கியதைக் கேட்டால், இறங்கினோம் என்பார்கள்.

நமது மலைக்கும் ஒரு நாற்காலி இழுவை உண்டு, அது டோலி. இரண்டு கம்புகளுக்கிடையே நாற்காலி கட்டி, முன்னும் பின்னும் ஆள் நின்று, நடக்க மாட்டாதவர்களைச் சுமப்பார்கள். எங்களைக் கடந்து ஒரு மூதாட்டி அப்படிப் போனார். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். சுமந்தவர்களில் ஒருவர் அடிவாரத்துப் பளியர் குடியிருப்பைச் சேர்ந்தவர். பளியர்கள் இக்காடுகளின் பழங்குடியினர். தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள். கோயிலுக்கு முன்பே இம்மலையில் இருந்தவர்கள் அவர்கள் என்று சொன்னால் தலபுராணக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆயினும் அப்படித்தான் நாம் கருதுகிறோம்.

வழியில் பசுக்கிடை என்று இரண்டு இடங்கள் வருகின்றன. சின்னது ஒன்று, பெரியது ஒன்று. கிடை என்பது மாடு அடைந்த இடம். மலைமாடு என்று தனி இனமாகவே சொல்லப்படும் மாடுகளை எங்கள் பகுதிக் கீதாரிகள் தலைமுறைகளாக இக்காடுகளில் மேய்த்துவந்தார்கள். 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மேய்ச்சலைத் தடை செய்தது. மாடு போய்விட்டது, பெயர் கிடக்கிறது. மேலே இருக்கும் சாமியின் கதையும் மாட்டுக் கதையே. பசுவின் மடியில் வாய்வைத்துப் பாலருந்திய துறவியைப் பச்சைமால் என்னும் இடையன் கோலால் அடித்தான், அடிபட்டவர் சிவன், அந்த அடியில் சாய்ந்த சாய்வோடுதான் சுந்தர மகாலிங்கம் இன்றும் நிற்கிறார் என்பது கதை. புலவர்கள் சதுரகிரிக்கு நான்கு மலைகளைச் சொல்லி, நான்கு மறைகளைச் சொல்லிப் பெயர்க்காரணம் விரிப்பார்கள். நமக்கு அந்தச் சாய்வு போதும். அடித்தவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்ட சாமி.

நண்பகலுக்குச் சற்று முன்னர் சந்நிதியை அடைந்தோம். நண்பர் கும்பிட்டார், திருநீற்றைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்ன வேண்டினார் என்று நாம் கேட்கவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். முன்பெல்லாம் மடத்துப் பந்தியில் இலை போட்டுச் சாப்பிட்ட இடம். அவர் தந்தையார் ஆடி அமாவாசைதோறும் தோப்புத் தேங்காய்களை மூட்டையாகக் கட்டி மடத்துக்கு ஏற்றி அனுப்புவார். அந்த அடுப்புகள் எரியவில்லை. நண்பர் சுற்றிலும் பார்த்தார். பிறகு கிழக்கே திரும்பி வெகுநேரம் நின்றார். அங்கிருந்து தோப்பு தெரியாது. தெரிவதாக நினைத்துக்கொள்ளலாம்.

இறங்கத் தொடங்கிய அரைமணியில் முழங்கால் வீங்கிவிட்டது. ஏறும்போது தாங்கிய கால் இறங்கும்போது தாங்கவில்லை. பச்சரிசிப்பாறைக்குக் கீழே அவர் உட்கார்ந்துவிட்டார். ஆளில்லாத டோலியோடு இறங்கிவந்தார்கள் காலையில் பார்த்த இருவர்.

"ஏறிக்கங்க சாமி. பொழுதுக்குள்ள எறக்கி விட்டுருவோம்."

"வேண்டாண்ணே. ஒருக்கா கட்டி எறக்குனது போதும்."

அவர்களுக்கு அது விளங்கியிருக்க நியாயமில்லை. பளியர் மட்டும் டோலியை மற்றவரிடம் கொடுத்துவிட்டு எங்களோடு நின்றார். தம் கைக்கம்பை நண்பரிடம் கொடுத்து, எந்தக் கல்லில் எந்தக் காலை வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே முன்னே நடந்தார். எந்த ஊர் என்று கேட்டு, எந்தத் தோப்பு என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது.

"கெணத்தடிப் புளியமரத் தோப்பா? அய்யா எளநி வெட்டித் தருவாருல்ல. இப்ப ஆனை வருது சாமி அதுக்குள்ள. போன மாசம் எட்டு மரத்தச் சாச்சிருச்சு. காவலுக்கு இருக்கவரு தகரத்தத் தட்டிக்கிட்டு ராவெல்லாம் முழிச்சிக்கெடக்காரு."

"வாங்கறவங்க கரண்டு வேலி போடப்போறாங்களாம்" என்றார் நண்பர், பொதுவாக.

பளியர் நின்றார். "போட்டா ஆனை செத்துப்போகும்." அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. வழுக்குப்பாறையில் நண்பர் உட்கார்ந்தபடியே, கையை ஊன்றி, சிறுபிள்ளைபோல் வழுக்கி இறங்கினார். நம்மைப் பார்த்துச் சிரித்தார். "பச்ச வட்டம்டா இது." கண் கலங்கியிருந்தது வலியினாலா என்பது தெரியவில்லை.

தாணிப்பாறைக்கு வந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பளியர் பணம் வாங்க மறுத்துப் பின் பாதியை வாங்கிக்கொண்டார். அன்றிரவே நண்பர் தரகரைக் கூப்பிட்டுப் பேசினார். மின்வேலி கூடாது என்று பத்திரத்தில் எழுத வேண்டும் என்றார். விற்றபின் வாங்கியவன் கையைக் கட்ட முடியாது, அப்படியெல்லாம் எழுத மாட்டார்கள் என்றார் தரகர். அப்படியானால் இவருக்கு வேண்டாம், வேறு ஆள் பார்ப்போம் என்றார் நண்பர். அடுத்த நாளெல்லாம் தொலைபேசிதான். கடைசியில் பக்கத்துத் தோப்புக்காரர், சொன்ன விலையில் ஐந்திலொரு பங்கு குறைவாக, பாத்தியம் பிரிக்காமல் முழுவதையும் வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். அவர் தோப்பில் வேலி கிடையாது, தகரம்தான். குறைந்த தொகை முழுவதையும் தம் பாகத்தில் கழித்துக்கொண்டு, தங்கைக்கு முதலில் பேசியபடியே கொடுப்பது என்று நண்பர் முடிவு செய்தார். அதைத் தங்கையிடம் சொல்ல வேண்டாம் என்று நம்மிடம் கேட்டுக்கொண்டார். அவர் இதைப் படிக்க நேர்ந்தால் நம்மைப் பொறுத்தருள்க.

திங்கட்கிழமை பத்திரப்பதிவு அலுவலகத்துத் திண்ணையில் எழுத்தர் பத்திரத்தை உரக்க வாசித்தார். விற்பனைப் பத்திரத் தமிழ் நமக்கு எப்போதும் பிடிக்கும். வகுப்பறையில் செத்துப்போன சொற்கள் அங்கே உயிரோடு இருக்கும். மாவடை, மரவடை, நிதி நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம். மரமும் புதையலும் நீரும் கல்லும், எல்லாம் சேர்த்து, இன்றுமுதல் தாங்களே ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. பிறகு நான்கெல்லை. மேற்கே ரிசர்வ் காடு என்று அவர் வாசித்தபோது நண்பர் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். கிணற்றடிப் புளிய மரத்தில் சாம்பல் அணில் கூடு கட்டியிருப்பதாக, காவல்காரர் முதல்நாள் மாலை சொல்லியிருந்தார். தரு என்பதில் அதுவும் அடக்கம்போலும்.

தங்கை கைரேகை வைத்துவிட்டு வந்து அண்ணன் அருகில் அமர்ந்தார்.

"மலைக்குப் போனியே, துண்ணூறு எங்கண்ணே?"

நண்பர் சட்டைப்பையிலிருந்து அந்தக் காகித மடிப்பை எடுத்துக் கொடுத்தார். அவர் தம் நெற்றியில் இட்டுக்கொண்டு, அண்ணன் நெற்றியிலும் இட்டுவிட்டு, மீதியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். உள்ளேயிருந்து சாட்சிகளைக் கூப்பிட்டார்கள். முதல் சாட்சியாக நாம் கையெழுத்திட்டோம்.